மாமா அனுப்பின வீடியோவும் மணல்கல்லுக்குள்ள கிடக்கிற பழைய மண்ணும்

வெள்ளவத்தைக்_காகம் | வெள்ளி இரவு 9.40

வணக்கம், இது படிப்புக் கேள்வியோ குடும்பச் சண்டையோ எண்டு எனக்கே தெரியேல்ல, எந்தப் பகுதியில போடுறது எண்டும் விளங்காமத்தான் இஞ்ச போடுறன். எங்கட பெரிய மாமா, 74 வயசு, சுன்னாகத்து ஆள், இப்ப வெள்ளவத்தையில எங்களோடதான் இருக்கிறார். அவருக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருக்கினம், அமெரிக்காவில அரிசோனாவில கிராண்ட் கேன்யன் எண்டு ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கே, அந்தப் பாறைப் படை முழுக்க ஒரே ஒரு பெருவெள்ளம் ஒரு வருசத்துக்குள்ள கொண்டு வந்து கொட்டினது எண்டு. நான் "சும்மா கதை மாமா" எண்டு சொல்லிப்போட்டு எழும்பப் பார்த்தன். மனிசன் விடேல்ல. "இஞ்ச பார், ரெண்டு படைக்கு நடுவில கோடு எவ்வளவு நேரா ஓடுது. உன்ர ஆக்கள் இந்தக் கோட்டுக்குள்ள கோடிக்கணக்கான வருசம் போச்சு எண்டு சொல்லுகினம். அப்பிடியெண்டா அங்க மண் எங்க? மரவேர் எங்க? மழை அறுத்த பள்ளம் எங்க?" எண்டு கேட்டார். நான் கணக்கு எழுதுறவன், எனக்கு என்ன தெரியும், வாயை மூடிக்கொண்டு சோத்தைச் சாப்பிட்டன். ஞாயிறு மத்தியானம் திரும்பவும் ஒண்டா இருந்து சாப்பிட வேணும். ஆராவது காப்பாத்துங்கோ.

சும்மா_வந்தவன் | வெள்ளி இரவு 9.52

மாமாவோட வாதாடி வென்ற மருமகன் இன்னும் பிறக்கேல்ல ராசா. ஞாயிறு எனக்கும் ஒரு பார்சல் கட்டி வையும்.

போர்ஹோல்_அண்ணை | வெள்ளி இரவு 11.15

தம்பி, முதல்ல ஒண்டு சொல்லுறன், உங்கட மாமா கேட்டது முட்டாள் கேள்வி இல்ல. அவர் கேட்ட மூண்டும்தான், மண் எங்க வேர் எங்க பள்ளம் எங்க எண்டு, அதைத்தான் ஜியோலஜிக்காரரும் அந்தக் கோட்டுக்குக் கிட்டப் போய்த் தேடுறவை. வீடியோக்காரர் தேடாமலே இல்லை எண்டு சொல்லிப்போட்டினம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கொழும்பில மாடிக் கட்டடத்துக்கு அத்திவாரம் போட முதல் நிலத்தைத் துளைச்சுப் பார்க்கிற வேலையில 19 வருசம். அதால பெயின்ற்காரன் கதையில இருந்து துவங்குறன். உங்கட வீட்டு வெளிச்சுவருக்கு நாலு தரம் பெயின்ற் அடிச்சிருக்கு எண்டு வையுங்கோ. அஞ்சாம் தரம் அடிக்க வந்த பாஸ் முதல்ல உப்புத்தாளால நல்லாத் தேய்க்கிறார், தேய்ச்ச தேய்ப்பில மேல இருந்த ரெண்டு படை போயிட்டுது, பிறகு புதுசு அடிக்கிறார். இப்ப ஒரு துண்டை உரிச்சு விளிம்பைப் பார்த்தா ரெண்டாவதும் அஞ்சாவதும் ஒட்டிக்கொண்டு நிக்கும், நடுவில கோடு நேராத்தான் இருக்கும். அந்தக் கோடுதான் அன்கன்ஃபோர்மிட்டி. நேரா இருக்கு எண்டதுக்காக ரெண்டும் ஒரே நாளில அடிச்சது எண்டு ஆராவது சொல்லுவினமோ? சில மூலையில பாஸ் சோம்பல்பட்டுத் தேய்க்காம விட்டிருப்பார், அந்த இடத்தில மழைக்குப் பிடிச்ச பச்சைப் பாசி அப்பிடியே பெயின்ற்றுக்குக் கீழ அமத்துப்பட்டுக் கிடக்கும். அந்தப் பாசிதான் பழைய மண், பேலியோசோல் எண்டு சொல்லுவினம். சுவர் கன மழைக்காலம் வெளியில நிண்டது எண்டதுக்கு அதுதான் சாட்சி. எல்லா இடத்திலயும் அது மிஞ்சாது, ஆனா ஒரு மூலையில கண்டாலே போதும்.

இப்ப கேன்யனுக்கு வாங்கோ. அடியில விஷ்ணு சிஸ்ட் எண்டு ஒரு கறுத்த பாறை, கிட்டத்தட்ட 175 கோடி வருசப் பழசு, வெப்பத்திலயும் அமுக்கத்திலயும் வெந்து உருமாறினது. அதுக்கு நேர மேல டாபீட்ஸ் எண்ட மணல்கல், 50 கோடிக்குக் கொஞ்சம் மேல. ஒரு கையை விரிச்சு வைச்சா பெருவிரல் ஒண்டிலயும் சின்ன விரல் மற்றதிலயும் படும், நடுவில 120 கோடி வருசம் காணேல்ல. 1869இல ஜோன் வெஸ்லி பவல் எண்ட ஆராய்ச்சிக்காரர் வள்ளத்தில ஆத்தோட போகேக்க கண்டது இதைத்தான், பெரிய அன்கன்ஃபோர்மிட்டி எண்டு பேர் வைச்சிருக்கினம். வேற சில இடத்தில அதே கோட்டுக்குக் கீழ சரிஞ்ச படைகள் ஆயிரக்கணக்கான மீட்டர் தடிப்பில கிடக்கு. அப்ப என்ன நடந்திருக்கு? படிஞ்சு, கல்லாகி, உடைஞ்சு, சரிஞ்சு, பிறகு தேய்ஞ்சு சமதரையாகி, அதுக்குப் பிறகுதான் கடல் வந்து டாபீட்ஸ் மணலைப் போட்டிருக்கு. கல்லாகாத ஈர மணல் சரிஞ்சு நேர்த்தியா உடையாது எண்டு உங்கட மாமாவுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல.

மிச்சம் நாளைக்கு. காலமை 6க்கு சைட்.

கொட்டாஞ்சேனை_டீச்சர் | சனி காலை 7.05

அண்ணா நல்லா சொன்னீங்க, இத நான் ஏ லெவல் பிள்ளைகளுக்கு எடுத்துக்கப் போறேன், பெயிண்ட் கதைய. நான் வழக்கமா ஸ்கொட்லாந்துல சிக்கார் பொயிண்ட் படத்த காட்டுவேன், 1788ல ஜேம்ஸ் ஹட்டன்ங்கிற ஜியோலஜிஸ்ட் ரெண்டு கூட்டாளிகளோட போட்ல போயி பார்த்த இடம். கீழ உள்ள கல்லு புத்தகத்த நிமித்தி வச்ச மாதிரி செங்குத்தா நிக்கும், அதுக்கு மேல செவப்பு மணல்கல்லு லேசா சரிஞ்சி படுத்திருக்கும். கீழது 43 கோடி சொச்சம், மேலது 37 கோடி, நடுவுல ஒரு மலையே வந்து போயிருக்கு. ஆனா பிள்ளைக கேக்குற கேள்வி எப்பவும் ஒன்னுதான், "மிஸ் அது இருந்துச்சின்னு எப்புடி மிஸ் தெரியும், அதான் இல்லையே?" மாமா கேட்டதும் அதேதான்.

மருதானை_நானா | சனி காலை 10.30

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாரும் அமெரிக்கா ஸ்கொட்லாந்துண்டு போறீங்க, நான் ஓமான்ல 11 வருஷம் டிரைவரா இரிந்தேன், வெளிநாட்டு யூனிவர்சிட்டி பிள்ளைகள ஜீப்புல ஏத்திக்கிட்டு ஹஜர் மலைக்குப் போறதுதான் தொழில். வாதி பனீ கரூஸ்ண்டு ஒரு பள்ளத்தாக்கு ஈக்கி. அதுல ஒரு செவுரு மாதிரி மலை, கீழ ஈக்கிற கல்லு ஒரு பக்கம் நல்லா சாஞ்சி, மேல ஈக்கிற கல்லு வேற சாய்வு, ரெண்டும் முட்டுற எடத்துல ஒரு கோடு, கீழ ரோட்டுல நின்டே வெறுங்கண்ணுக்குத் தெரியும். ப்ரொஃபஸர் செல்லுவாரு கீழ உள்ளது 54 கோடி வருஷத்துக்கும் பழசு, மேல உள்ளது பெர்மியன் காலம், 26 27 கோடிண்டு. முதல் வருஷம் நான் வண்டிக்குள்ள ஏசி போட்டுட்டு தூங்கினேன். மூணாவது வருஷம் பிள்ளைகளுக்கு நானே கையக் காட்டி செல்ல ஆரம்பிச்சிட்டேன். காகம் தம்பி, ஒங்கட மாமாவ ஒரு தரம் அங்க கொண்டு போய் நிப்பாட்டினா பேச்சே ஈக்காது.

நேர்ப்பேச்சு | சனி பகல் 1.20

எல்லாரும் ஒரே பக்கம் கதைக்கிறீங்கள், நானும் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிக்கிறன். நான் ஜெபக்கூட்டத்துக்குப் போற ஆள், மறைக்கேல்ல. கேன்யனில கொக்கோனினோ மணல்கல் எண்டு ஒரு வெள்ளைப் படை இருக்கு, பாலைவன மணல்மேடு கல்லானது எண்டு சொல்லுறியள். அதில இருக்கிற காலடித் தடம் தண்ணிக்குக் கீழ நடந்த பிராணியின்ரை எண்டு 1979இல சலமாந்தர் எண்ட பல்லி மாதிரிப் பிராணியை வைச்சு ஒருத்தர் செய்து காட்டியிருக்கிறார். மற்றது, சிவப்பாக் கிடந்தா உடன "பழைய மண்" எண்டு சொல்லிப் போடுறியள். சிவப்பு எண்டா மண்ணோ? செங்கல்லும் சிவப்புத்தான்.

போர்ஹோல்_அண்ணை | சனி இரவு 8.50

நேர்ப்பேச்சு ஐயா, ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வாறன், ஏனெண்டா அதில நீங்கள் சரி. சிவப்பு எண்டா மண் இல்ல. இரும்பு துருப்பிடிச்சா எதுவும் சிவக்கும். கொக்கோனினோவுக்குக் கீழ இருக்கிற ஹெர்மிட் படை முழுக்கச் சிவப்பு, ஆனா பெரும்பாலும் ஆறு கொண்டு வந்த சேறுதான், அது முழுக்க மண் எண்டு சொல்லுறவனை நானும் நம்பமாட்டன்.

மண் எண்டா என்ன? வந்து விழுந்தது வண்டல். விழுந்த இடத்திலயே கிடந்து வெயிலும் மழையும் வேரும் புழுவும் சேர்ந்து மாத்தினது மண். அதால கல்லுக்குள்ள மண் தேடுறவன் நிறத்தைப் பார்க்கமாட்டான். வேர்த்தடம் இருக்கோ, கீழ போகப் போகக் கிளைவிட்டு மெலியுதோ எண்டு பார்ப்பான், புழு பூச்சி குடைஞ்ச குழாயைப் பார்ப்பான், களி காய்ஞ்சு சுருங்கி மழைக்கு ஊதி ஒண்டோட ஒண்டு உரஞ்சி மினுங்கின முகங்களைப் பார்ப்பான். இந்த மினுக்கம் வேணுமெண்டா மன்னாரில முருங்கன் பக்கம் போய் கோடையில வெடிச்சுக் கிடக்கிற கறுத்தக் களியைக் கிண்டிப் பாருங்கோ, கையில கண்ணாடி மாதிரி வரும். அதே மினுக்கம் 20 கோடி வருசக் கல்லில கிடந்தா அதை வெள்ளம் செய்யேலாது, ஏனெண்டா நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு காய்ஞ்சு பல தரம் வேணும்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்ச அடையாளம் ஒண்டு இருக்கு. மண்ணுக்கு மேல்விளிம்பு வெட்டினதுபோல இருக்கும், கீழ்விளிம்பு இருக்காது. மேல இருந்து இறங்க இறங்க மண் கொஞ்சம் கொஞ்சமா அடிப்பாறையா மாறும், இதில முடியுது எண்டு விரல் வைக்கேலாது. வெள்ளம் கொண்டு வந்து போட்ட சேறு எண்டா அதுக்கு மாறா அடியிலதான் கோடு வெட்டாத் தெரியும், அது இருந்த நிலத்துக்கு மேல புதுசா வந்து இருந்ததால.

அரிசோனா யூட்டா பக்கம் சின்லி எண்டு ஒரு படை இருக்கு, கல்லாப்போன மரங்கள் விழுந்து கிடக்கிற அந்தப் பூங்கா எல்லாம் அதிலதான். அதுக்குக் கீழ மோயன்கோப்பி எண்ட சிவப்புப் படை. ரெண்டுக்கும் நடுவில பல மில்லியன் வருசம் குறையுது. அந்தக் கோட்டில பல இடத்தில ஊதாவும் வெள்ளையும் மஞ்சளுமா திட்டுத் திட்டா மாறின ஒரு பட்டை கிடக்கு, மோயன்கோப்பிதான் நின்ற இடத்தில நின்று மண்ணா மாறியிருக்கு. வேற இடத்தில அதே கோட்டில மண் இல்ல, பள்ளத்தாக்கு அறுபட்டு அதுக்குள்ள கூழாங்கல் நிரம்பிக் கிடக்கு. மாமா கேட்ட மண்ணும் பள்ளமும் ரெண்டும் ஒரே கோட்டில.

சலமாந்தர் கதை: அந்தப் பரிசோதனை நடந்தது உண்மை. ஆனா கொக்கோனினோவில நாலுகால் தடம் மட்டும் இல்லயே, தேள் தடமும் சிலந்தி மாதிரிப் பூச்சித் தடமும் இருக்கு, மழைத்துளி விழுந்த குழியும் இருக்கு. மணலும் தானாச் சொல்லும், காத்து உருட்டின மணலில ஒவ்வொரு மெல்லிய வரியிலயும் பொடி அடியிலயும் கொஞ்சம் பெருமணி மேலயும் நிக்கும். சிலந்தி தண்ணிக்குக் கீழ வோக் போனது எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்ல.

தேரிக்காட்டான் | சனி இரவு 9.35

வணக்கம் கொழும்பு மக்களே, தூத்துக்குடி பக்கத்துல இருந்து எட்டிப் பாக்கேன். எங்க ஊர் தேரியப் பத்தி யாரும் சொல்லலியே. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரின்னு செக்கச் செவேல்னு மணல்மேடு, பனையும் முந்திரியும் நிக்கும், வெளியூர்க்காரன் பாத்தா பாலைவனம்னு நெனப்பான். காத்து கொண்டு வந்த கடல் மணலுதான், அதுல கிடக்க இல்மனைட்டு கார்னெட்டுன்னு இரும்பு கலந்த கனிமம் எல்லாம் மக்கி அந்த இரும்பு ஒவ்வொரு மணலுக்கும் செவப்பு தோல் போட்டிருக்கு. அதுக்குள்ள பழைய ஆளுக செஞ்ச சின்னச் சின்னக் கல் ஆயுதம் கிடைக்கும். கிணறு தோண்டுனா சில எடத்துல அடியில வெள்ளக் கட்டி கட்டியா சுக்கான் வரும், முட்டை சைசுல. சின்னப் பிள்ளைல அத எடுத்து எறிஞ்சு வெளையாடுவோம். அது மழைத்தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சு கீழ கொண்டு போயி, வெயில்ல தண்ணி வத்தி, அங்கனயே கட்டி தட்டுனதுன்னு பின்னாடிதான் படிச்சேன். எவ்வளவு நாள் ஆவும் அண்ணாச்சி அதுக்கு?

போர்ஹோல்_அண்ணை | சனி இரவு 10.10

தேரிக்காட்டான், அருமை, சுக்கான் எண்ட சொல்லை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன், நாங்கள் ரிப்போர்ட்டில கல்கிரீட் எண்டு எழுதுவம், இனி மாத்த வேண்டியதுதான். நியூ மெக்சிகோ பாலைவனத்தில 1960களில இதை நாலு கட்டமாப் பிரிச்சவை. முதல்ல கூழாங்கல்லுக்கு மெல்லிய வெள்ளைப் பூச்சு, பிறகு கட்டி, பிறகு கட்டியெல்லாம் ஒண்டாகி அடைக்கிறது, கடைசியா மேல தகடு மாதிரிப் படை. கட்டி வரவே ஆயிரக்கணக்கான வருசம், தகடு வர லட்சக்கணக்கு. ஒரு பாறையில இப்பிடி ஒண்டுக்கு மேல ஒண்டாப் பல சுக்கான் பட்டை கிடந்தா கணக்கை நம்மட காகம் தம்பியே போடட்டும், கணக்குப்பிள்ளைதானே.

செந்தேரி இலங்கையிலயும் இருக்கு. புத்தளத்தில இருந்து மன்னார் வரைக்கும் கரையோரம் செம்மணல், கீழ சரளை, அதுக்குக் கீழ மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். தொல்லியல்காரர் சிரான் தெரணியகல கல் ஆயுதம் தேடின அந்தச் சரளையும் செம்மணலும் சேர்ந்த படைக்குப் பேரே இரணைமடுப் படை, எங்கட இரணைமடுதான்.

கொட்டாஞ்சேனை_டீச்சர் | சனி இரவு 10.40

ஒரு சந்தேகம் அண்ணா. பாலைவனம்னா மரமே இல்ல, மணல் ஓடிக்கிட்டே இருக்கும். ஆனா பாலைவன மணல்கல்லுலயும் கல்லான வேர் இருக்குன்னு சொல்றாங்களே, அதுல வேர் எப்புடி வந்துச்சி?

போர்ஹோல்_அண்ணை | சனி இரவு 11.30

டீச்சர் நித்திரையைக் கெடுக்கிற கேள்வி கேட்டிட்டீங்கள். பாலைவனம் எப்பவும் பாலைவனமா இருக்காது. சகாராவே 11,000 வருசத்துக்கு முதல் துவங்கி 5,000 வருசத்துக்கு முதல் வரைக்கும் புல்லும் ஏரியுமா இருந்தது. மழை கூடின காலத்தில செடி வந்து மேட்டைப் பிடிச்சு நிப்பாட்டும், வேர் விடும். அதுக்கு முதலோ பிறகோ காத்து மேட்டைச் சீவிக்கொண்டு போகும், எதுவரைக்கும் எண்டா நிலத்தடித் தண்ணி மட்டம் வரைக்கும். ஈர மணலைக் காத்தால தூக்கேலாது. அதால மேடு முழுக்க ஒரே மட்டத்தில சீவுப்பட்டு மேசை மாதிரி வரும். 1968இல ஸ்டோக்ஸ் எண்ட ஜியோலஜிக்காரர் இதைச் சொன்னவர். யூட்டாவில கேன்யன்லாண்ட்ஸ் பக்கம் சீடர் மேசா எண்ட மணல்கல்லில இந்தத் தட்டை மட்டங்கள் ஒண்டுக்கு மேல ஒண்டாக் கிடக்கு, மட்டத்துக்குக் கீழ கல்லாப்போன வேர்கள். நேர்கோடு எண்டாலே அவசரத்தில போட்டது எண்டு நினைக்கக் கூடாது. தண்ணிமட்டம் கையில ரசமட்டம் வைச்சுக்கொண்டு நிக்கிற மேசன் பாஸ் மாதிரி.

நேர்ப்பேச்சு | சனி இரவு 11.48

சரி, தேள் கதையை ஒத்துக்கொள்ளுறன். ஆனா நீங்களே முதல்ல சொன்ன 120 கோடி வருசக் கோடு, அதில மண் எங்க? சின்லிக்கு ஓடிப்போய் மண் காட்டினீங்கள், இதில காட்டேல்ல.

போர்ஹோல்_அண்ணை | ஞாயிறு காலை 6.20

பிடிச்சிட்டீங்கள். அந்தக் கோட்டில பெரும்பாலும் மண் இல்ல. சில இடத்தில மட்டும் அடிப்பாறை உக்கிப்போன பட்டை மிஞ்சிக் கிடக்கு, மிச்சம் வழிச்சுத் துடைச்சது. தேய்ப்பு துவங்கினா முதல்ல போறது மிருதுவான மண்தான், பெயின்ற் பாஸ் கதையில பாசி முதல்ல போகும். டாபீட்ஸைப் போட்ட கடல் கொஞ்சம் கொஞ்சமா நிலத்துக்கு ஏறி வந்தது, அலை அடிச்ச கரையில என்ன மண் மிஞ்சும், காலிமுகத்திடல்ல போய்ப் பாருங்கோ. வேரும் தேடேலாது, நிலத்தில செடி வந்ததே 47 கோடி வருசத்துக்குக் கிட்டத்தான், இந்தக் கோடு அதுக்கு முதல். எது அவ்வளவு பாறையைத் தேய்ச்சது எண்டதில இன்னும் அடிபாடு, சிலர் பூமி முழுக்க உறைஞ்ச காலத்துப் பனிக்கட்டி எண்டுகினம், சிலர் ரொடீனியா எண்ட பழைய கண்டம் கூடி உடைஞ்சதால எண்டுகினம். எனக்கு ரெண்டும் சேர்ந்துதான் எண்டு ஒரு எண்ணம், ஆனா நான் துளைக்கிறவன்தான், என்ர எண்ணத்துக்கு ஆரும் காசு தரமாட்டினம்.

வெள்ளவத்தைக்_காகம் | ஞாயிறு பின்னேரம் 4.45

ரிப்போர்ட். சாப்பாட்டில நான் எல்லாத்தையும் ஒப்புவிச்சன், பெயின்ற், சுக்கான், சிலந்தி. மாமா ஒண்டும் பேசேல்ல, ரசம் விட்டுச் சாப்பிட்டு முடிச்சார். கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் துவங்கினார். "நாங்கள் சுன்னாகத்தில கிணறு வெட்டேக்க செம்மண் ஒரு மட்டத்தில முடியாதடா. ஓரிடத்தில முழங்கால் அளவில கல்லு வரும், நாலடி தள்ளி ஆள் உயரத்துக்கு மண்தான், கல்லுக்குள்ள குகையும் ஓட்டையுமா அதுக்குள்ளயும் செம்மண் இறங்கிக் கிடக்கும். ஐயா கல்லுக்குப் பல்லுச் சொத்தை எண்டு சொல்லுவார். அப்ப, அந்தக் கல் கடலுக்குள்ள உண்டாகி, வெளிய வந்து, கரைஞ்சு, பிறகு மண் வந்திருக்கு, என்ன?" எண்டார். நான் ஓம் எண்டன். "அப்ப நான் அன்கன்ஃபோர்மிட்டிக்குள்ள இறங்கி நிண்டுதான் தண்ணி இறைச்சிருக்கிறன்" எண்டார். வீடியோவைப் பற்றி ஒரு சொல் இல்ல. நானும் கிளறேல்ல.

போர்ஹோல்_அண்ணை | ஞாயிறு இரவு 7.30

உங்கட மாமாவை எங்கட ஓஃபிசுக்கு வேலைக்கு எடுக்கலாம். அவர் சொன்னது கேன்யனிலயும் அப்பிடியே இருக்கு. ரெட்வோல் எண்டு 34 கோடி வருசச் சுண்ணாம்புக்கல், அது கடலை விட்டு வெளிய வந்து நின்ற காலத்தில கரைஞ்சு குகையாகி, மேல ஆறு ஓடிப் பள்ளத்தாக்கு அறுத்து, பிறகு அந்தப் பள்ளமும் குகையும் வேற படிவால நிரம்பிப் போச்சு, சர்ப்ரைஸ் கேன்யன் படை எண்டு பேர். 1970கள் வரைக்கும் ஒருத்தரும் தனிப் படையா மதிக்கேல்ல, ஏனெண்டா சொத்தைக்குள்ள மட்டும்தான் கிடக்கு. யாழ்ப்பாணத்தில சுண்ணாம்புக்கல் கரைஞ்சு உண்டான நிலாவரைக் கிணத்தை 30 கோடி வருசத்துக்குப் பிறகு ஆராவது வெட்டுமுகமாப் பார்த்தா இப்பிடித்தான் தெரியும். அதே ரெட்வோலுக்குக் கீழயும் ஒரு கோடு, 50 கோடி வருச முவாவ் சுண்ணாம்புக்கல்லோட முட்டுது, பார்த்தா ஒட்டினமாதிரி, நடுவில 16 கோடி வருசம் இல்ல. அங்கங்க மட்டும் பழைய வாய்க்காலுக்குள்ள 38 கோடி வருசப் படிவு கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கு. மாமா கேட்ட பள்ளத்தில ஒண்டு அது.

இன்னுமொண்டு. இதுக்கு அரிசோனா போகத் தேவையில்ல. கொழும்பில சதுப்புப் பக்கம் துளைச்சா மேல கொட்டின மண், பிறகு கறுத்த பீட், செடிகொடி பாதி உக்கினது, சில ஆயிரம் வருசப் பழசு, அதுக்குக் கீழ பட்டெண்டு கபுக், பாறை நின்ற இடத்திலயே உக்கி வந்த செம்புறைக்கல். உங்கட தாத்தாமார் வீட்டுச் சுவருக்கு வெட்டி வைச்ச அதே கபுக். கபுக்கின்ர மேல்விளிம்பு வெட்டு, கீழ இறங்க இறங்க உக்கின பாறை, பிறகு பாதி உக்கினது, பிறகு சுத்தியல் தெறிக்கிற நைஸ் எண்ட உருமாறின பாறை, அது 50 கோடி வருசத்துக்கு மேல. எங்க முடியுது எண்டு விரல் வைக்கேலாது. போன மாசம் ஒரு கொன்ட்ரக்டர் "ஏன் ஐயா ரிப்போர்ட்டில இவ்வளவு குழப்பம், பாறை எங்க துவங்குது எண்டு ஒரு நம்பர் தாங்கோ" எண்டு என்னோட சண்டை. நம்பர் இருந்தாத்தானே தாறதுக்கு.

நேர்ப்பேச்சு | ஞாயிறு இரவு 8.05

நீங்கள் துளைச்சு எடுத்ததை அடுக்கி வைக்கிற அந்தக் கோர் பொக்ஸை நேர பார்க்கலாமோ? நம்புறன் எண்டு சொல்ல வரேல்ல. பார்க்க வேணும்.

வெள்ளவத்தைக்_காகம் | ஞாயிறு இரவு 8.20

மாமாவும் கேட்கிறார். பக்கத்தில இருந்துதான் இதை வாசிக்கிறார், கண்ணாடியை என்ர தோள்ல இடிச்சுக்கொண்டு.

போர்ஹோல்_அண்ணை | ஞாயிறு இரவு 9.00

சனிக்கிழமை காலமை 9 மணி, இடம் தனியா மெசேஜ் பண்ணுறன். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ, செருப்போட வந்தா வோச்சர் உள்ள விடமாட்டார். மாமாவுக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறன். பெட்டியைத் திறந்தா முதல்ல பீட் நாத்தம் அடிக்கும், அதுக்குப் பயந்து ஓடக் கூடாது.

சும்மா_வந்தவன் | ஞாயிறு இரவு 9.02

அப்ப என்ர பார்சல்?